கிளம்பும் கலை

எங்கள் வம்சத்தில் எவரும் குறித்த நேரத்தில் ஓரிடத்தைவிட்டுக் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை. "கிளம்பியாயிற்று" என்று என் தகப்பனார் சொன்னால் அவர் இனிமேல்தான் க்ஷவரத்துக்கு உட்காரப் போகிறார் என்று அர்த்தம். "இதோ புறப்பட்டுவிட்டோம்" என்று என் தாயார் வாசலில் நின்று அறிவித்தால், கொல்லைக் கதவைத் தாழிட்டோமா என்ற விசாரணை அப்போதுதான் ஆரம்பமாகும். இத்தகைய பரம்பரையில் உதித்து, டெக்ஸாஸ் மாகாணத்துக்குப் பிழைக்க வந்து சேர்ந்த நான், ஐம்பத்தெட்டாவது பிராயத்தில், நின்ற இடத்திலிருந்து ஒரு வாகனத்தை எவ்வளவு சடுதியில் கிளப்பலாம் என்று பரீக்ஷிப்பதற்கென்றே ஏற்பட்ட மைதானத்தில் போய் நிற்க நேர்ந்ததற்கு என் தமக்கையின் குமாரனே காரணம்.

அந்த மைதானத்துக்கு டிராக் ஸ்டிரிப் என்று பெயர். வளைவு, நெளிவு, மேடு எதுவுமின்றி நேர்கோடாகக் கிடக்கும் கால் மைல் பாதை, அடிக்கணக்கில் 1,320. தெருக்களில் மோட்டார் ஓட்டிப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த வாலிபர்களை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாலி பார்க்ஸ் என்பவர் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஸ்தாபித்தார். இன்று வாரநாள் சாயங்காலங்களில், கட்டணம் செலுத்திய எந்தக் குடும்பஸ்தனும், கறிகாய் வாங்கப் போகும் அதே வண்டியை அந்தப் பாதையில் ஓட்டிப் பார்க்கலாம்.

என் வண்டி ஒரு பிக்கப். எட்டு சிலிண்டரும், ஏறக்குறைய ஐயாயிரம் பவுண்டு எடையும், தானே மாற்றிக்கொள்ளும் கியரும் உள்ள அந்தப் பிரம்மாண்டத்தை நான் வாங்கியது தோட்டத்துக்கு எரு ஏற்றி வருவதற்கு. அன்றும் பின்னால் ஆறு மூட்டை எரு இருந்தது. பின்சக்கரங்களே தள்ளும் வண்டிக்குப் பின்புறம் கனமாயிருப்பது பிடிமானத்துக்கு உதவும் என்று நான் சாஸ்திரோக்தமாக வாதாடியும், கட்டாத சாமான் ஒன்றும் இருக்கலாகாது என்று பரிசோதகர் மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டார். குளிர்சாதனத்தை நிறுத்த வேண்டும், அதிலிருந்து சொட்டும் நீர் பாதையை வழுக்கச் செய்யும் என்றார். தலைக்கவசம் வேண்டுமா என்று நான் வீரத்தோடு வினவியதற்கு, கால் மைலைப் பதினான்கு விநாடிக்குள் கடப்பவர்களுக்குத்தான் அது கட்டாயம் என்று விளக்கி, வண்டியை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அவசியப்படாது" என்று மரியாதையாகவே சொன்னார்.

மருமான் உபதேசம் செய்தான். "மாமா, ரெண்டு மின்விசிறியை எதிரும் புதிருமா வச்சு ஒண்ணைச் சுத்தவிட்டா, அந்தக் காத்துல மத்ததும் சுத்தும் இல்லையா? டார்க் கன்வர்ட்டர் அதேதான். காத்துக்குப் பதிலா எண்ணெய். இடது காலால பிரேக்கை அமுக்கிக்கிட்டு வலது காலால கொஞ்சம் ஆக்சிலரேட்டரைக் குடுங்க. எஞ்சின் முறுக்கேறி நிக்கும். விளக்கு வந்ததும் பிரேக்கைப் பட்டுனு விட்டுடணும். ரொம்ப நேரம் அப்படியே நிக்காதீங்க, எண்ணெய் கொதிச்சுடும்."

ஒரு காலால் போகச் சொல்லி மறு காலால் தடுத்து நிற்பது எனக்குப் புதிதன்று. முப்பது வருஷ காலம் உத்தியோகம் பார்த்தது அந்த முறையில்தான். ஆயினும் என் இடது காலை நான் கலந்து ஆலோசிக்கவில்லை. அம்பாஸிடர் காரில் கிளட்ச் மிதித்துப் பழகி, அமெரிக்கா வந்தபின் வேலையில்லாமல் உபகாரச் சம்பளத்தில் இருந்துவந்த கால் அது.

பாதையின் முகப்பில், நம் கோயில்களின் தீபஸ்தம்பத்தை நினைவூட்டிக்கொண்டு, கிறிஸ்துமஸ் மரம் என்று 1963 முதல் வழங்கிவரும் விளக்குக் கம்பம் நிற்கிறது. முன்சக்கரம் முதல் ஒளிக்கதிரை மறைத்தால் மேல் விளக்கு எரியும். இன்னும் ஏழு அங்குலம் நகர்ந்து இரண்டாவது கதிரையும் மறைத்தால் அடுத்தது எரியும். அதற்கப்புறம் அரை விநாடிக்கு ஒன்றாக மூன்று மஞ்சள் விளக்குகள், பிறகு பச்சை. அதற்குமுன் சக்கரம் கதிரைவிட்டு அகன்றால் சிவப்பு.

பிரேக்கை மிதித்தேன், ஆக்சிலரேட்டரை மிதித்தேன், வண்டி பின்பக்கம் பதுங்கி உறுமிற்று. முதல் மஞ்சள் எரிந்த அக்கணமே, நெடுநாள் கழித்து வேலைக்கு அழைக்கப்பட்ட என் இடது கால், தன் மிதியின்கீழ் இருப்பது கிளட்ச் என்றே நிச்சயித்து, அந்நாளில் ஆசிரியர் கற்பித்தவாறு மெல்ல, மிகவும் மெல்ல, அங்குலம் அங்குலமாக அதை விடுவிக்கத் தொடங்கிற்று. வண்டி பாயவுமில்லை, நிற்கவுமில்லை; மணப்பெண்ணைப்போல் தலைகுனிந்து ஊர்ந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது. சிவப்பு எரிந்தது. எங்கள் குலத்தில் நேரத்துக்கு முன்னதாகக் கிளம்பிய முதல் மனிதன் நான். அதற்கும் தண்டனைதான் கிடைத்தது.

இரண்டாம் முறை இடது காலைச் சத்தியம் செய்வித்து அழைத்துப் போனேன். பச்சையைக் கண்டதும் அது வாக்குத் தவறாமல் விலகியது. ஆனால் வலது கால், தன் தோழனின் அவமானத்தைத் துடைக்கும் உத்தேசத்தோடு, அடிவரையில் அழுத்திவிட்டது. எரு இறக்கிய வண்டிக்குப் பின்புறத்தில் கனம் ஏது? சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, யாக குண்டத்துக்கு ஒப்பாகப் புகை எழுப்பின. நான் புகையிலிருந்து வெளிப்பட்டபோது, பக்கத்துப் பாதையில், தாயாரின் குடும்ப வேனை ஓட்டி வந்த பள்ளிச் சிறுவன் வெகுதூரம் போயிருந்தான்.

மூன்றாம் முறையும் அவனே ஜோடி. இம்முறை எஞ்சினை அதிகம் முறுக்கேற்றாமல், பிரேக்கை விட்டபின் ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தாமல் படிப்படியாக இறக்குவது என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை மனத்துக்குள் ஒருமுறை ஒப்பித்துப் பார்த்து, குலதெய்வத்தையும் நினைத்துக்கொண்டு நிமிர்ந்தால், பச்சை எரிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. கிளம்பினேன். சக்கரம் வழுக்கவில்லை, முதுகு ஆசனத்தில் பதிந்தது, சிறுவன் கோட்டைக் கடந்த சற்றைக்கெல்லாம் நானும் கடந்தேன்.

திரும்பும் வழியில் இருந்த கூண்டில் சீட்டுக் கொடுத்தார்கள். அதைப் படித்த நான் வண்டியை ஓரமாக நிறுத்தி மறுபடியும் படித்தேன். கிளம்பத் தாமதம்: 2.1 விநாடி. முதல் அறுபது அடி: 2.2. கால் மைல்: 15.6. சிறுவனுக்கோ தாமதம் 0.4; கால் மைல் 16.9. பயண நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் பச்சை எரிந்ததும் ஓடத் தொடங்குவதில்லையாம். சக்கரம் கதிரைவிட்டு விலகும்போதுதான் ஓடத் தொடங்குமாம். பச்சை எரிந்தபின் ஒருவன் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்பினாலும் அது அவன் பிரயாணத்தில் சேராது! தாமதிப்பவனுக்கு இவ்வளவு பூரணமாக நியாயம் வழங்கும் ஸ்தாபனம் பூவுலகில் வேறு உண்டா? என் தகப்பனார் இந்தச் சீட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று என் கண் பனித்தது.

சிறுவனிடம் போய், நீ ஜெயித்தாய், ஆனால் நான்தான் வேகம் என்று விளக்கினேன். "ஆனால் நான் முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டேனே, சார்?" என்றான். பால்யத்தில் தத்துவம் விளங்காது.

எரு மூட்டைகளை மறுபடியும் ஏற்றிக்கொண்டு நான் வீடு சேர்ந்தபோது மணி பதினொன்று.

"ஒன்பதுக்கு வந்துடுவேன்னு சொன்னீங்க," என்றாள் மனைவி.

நான் சீட்டை விரித்து, கதிர், சக்கரம், கடிகாரம் யாவற்றையும் சாவகாசமாக எடுத்துரைத்து, மைதானத்தைவிட்டு நான் கிளம்பிய க்ஷணத்திலிருந்து எண்ணினால் வெறும் நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டேன் என்று நிரூபித்தேன். அவள் சீட்டை வாங்கி, கால் மைலைப் பார்க்கவில்லை, வேகத்தைப் பார்க்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்தாள்.

"இந்த ரெண்டு புள்ளி ஒண்ணு இருக்கே," என்றாள், "இதோடதான் நான் முப்பது வருஷமா குடித்தனம் பண்றேன்."