ஆவி அண்ணன்

பாகான் டத்தோ பக்கம் வந்தால் ஆவி அண்ணனைப் பார்க்காமல் திரும்ப முடியாது. ஒட்டுக்கடை ஓரத்தில் ஒரு மைவி நிற்கும். கண்ணாடி நான்கும் ஏற்றியிருக்கும், உள்ளே வெள்ளையாய் ஏதோ சுழலும். காடி பற்றிக்கொண்டதோ என்று தண்ணீர் வாளியைத் தேடாதீர்கள். கதவு திறந்ததும் மாம்பழ வாசம் வரும், பின்னாலேயே அண்ணனும் வருவார்.

சிகரெட்டை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஊரில் அது தெரியாத ஆள் கிடையாது, அவரே சொல்லிவிட்டார். "இது பொகை இல்ல லா, வெறும் தண்ணி ஆவி" என்று பெண் பார்க்கப் போன வீட்டில்கூட விளக்கம் கொடுத்தவர். நிகோட்டின் வேப் நீருக்கு 2023 ஏப்ரல் முதல் மில்லிக்கு 40 சென் வரி என்றதும், "வெறும் தண்ணிக்கா வரி?" என்று அவர் போட்ட சத்தம் ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

அவரைக் காட்டிக்கொடுப்பது காடிக் கண்ணாடிதான். தண்ணீர் ஆவி என்றால் ஏர்கோன் காற்றில் காய்ந்து போயிருக்க வேண்டும். இது போகாது. வேப் நீரில் கணிசமான பங்கு கிளிசரின். 290 டிகிரியில் கொதிக்கிற சரக்கு குளிர்ந்த கண்ணாடியில் படிந்தால் தானாக எங்கே எழுந்து போகும்? காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு, ஊதுகிற ஊதலுக்கு ஒரு பூச்சாக ஏறும். அந்தக் கிளிசரினையும் பெரும்பாலும் செம்பனை, தேங்காய், சோயா எண்ணெயிலிருந்துதான் எடுக்கிறார்கள். தாத்தா தோட்டத்தில் குலை வெட்டினார், பேரன் அதை மில்லிக் கணக்கில் வாங்கிக் கண்ணாடிக்கு அப்புகிறார். செம்பனைக்கும் நம் சனத்துக்கும் உள்ள கணக்கு இன்னும் தீரவில்லை போலும்.

பகலில் ஒன்றும் தெரியாது. தெலுக் இந்தானிலிருந்து சாயங்காலம் வீடு திரும்பும்போது, ஊத்தான் மெலிந்தாங் தாண்டி வெயில் எதிரே வந்ததும் முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். அண்ணன் கழுத்தை ஆமை மாதிரி நீட்டி, டேஷ்போர்டுக்கு மேல் தெளிவாயிருக்கும் நான்கு விரல் இடைவெளியில் ரோட்டைத் தேடுவார். ராத்திரி எதிரே குலை லாரி வந்தால் தீபாவளிதான், ஒவ்வொரு விளக்கும் மத்தாப்பாய் விரியும். "டின்டட் போட்டவன் ஏமாத்திட்டான்" என்பார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள், "மாமா, கண்ணாடியில 'அ' எழுதட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுதியும் விட்டாள். கொட்டை எழுத்து. "அழிச்சிடாதீங்க மாமா" என்று கட்டளை வேறு.

ஞாயிற்றுக்கிழமை கழுவல். அப்பா பழைய பேப்பர் கட்டை நீட்டுவார், அம்மா கிழிந்த கைலியை. அண்ணன் பாத்திரம் கழுவும் சோப்பையே நம்புவார். அழுக்கு போகாது, இடம்தான் மாறும். மேலிருந்தது கீழே இறங்கி வானவில் காட்டும். உண்மையில் இது பெரிய வித்தை இல்லை. ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, துணியை அலசி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் முடிக்க வேண்டும். உள்பக்கம் மேலும் கீழும், வெளிப்பக்கம் இடமும் வலமும் துடைத்தால், மிஞ்சிய கோடு எந்தப் பக்கம் என்று பார்த்ததுமே தெரியும். டின்டட் ஒட்டிய கண்ணாடிக்கு அம்மோனியா கலந்த மருந்து ஆகாது, படலம் கெட்டுவிடும். சொன்னால், "நான் பார்க்காத காடியா?" என்பார்.

எப்படியோ கண்ணாடி பளபளத்துவிட்டது என்று வையுங்கள். அண்ணன் உள்ளே உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, "இப்பதான் கிளியர்" என்று சொல்லும்போதே ஒரு கை சட்டைப் பையில் இருக்கும்.

ராத்திரியில் இவர் காடியில் ஏற நேர்ந்தால், முன்கண்ணாடியின் உள்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கோடு விழுந்தால், "நீங்க போங்கண்ணே, நான் பஸ்ஸுல வரேன்" என்று சொல்லி இறங்கிவிடுங்கள்.