அக்கினித்தலத்தில் ரேடியேட்டர்: வாய், மரை, கிளிப்பு குறித்த ஓர் ஆய்வு

பஞ்சபூதத் தலங்களில் திருவண்ணாமலை அக்கினிக்கு உரியது. நீருக்கு உரியது திருவானைக்காவல். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே, நம் ஊரில் கார் ரேடியேட்டர்கள் ஏன் கொதிக்கின்றன என்ற கேள்விக்கு விடை கண்டுவிட்டவர்கள் உண்டு. இவர்களைத் தலவிசேஷக் கட்சியினர் எனலாம். தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, ஃபேன் பெல்ட் லூஸ் என்று பேசுகிறவர்கள் எதிர்க்கட்சி. பௌர்ணமி நெரிசலில் செங்கம் ரோட்டில் முதல் கியரிலேயே ஊர்ந்த பழைய அம்பாசடரின் பானெட்டிலிருந்து எழுவது சாம்பிராணிப் புகை அன்று என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கொதிப்பின் காரணம் இக்கட்டுரையின் பொருள் அன்று. கொதித்து ஓய்ந்து, பித்தளை ரேடியேட்டருக்கு இனி ஈயப்பற்று வைத்தும் பயனில்லை என்று மெக்கானிக் கையை விரித்து, அந்த இடத்தில் அலுமினியத்தில் செய்த ஒரு மார்க்கெட் அயிட்டத்தைப் பொருத்துவது என்று குடும்பத்தில் தீர்மானமான பிறகு எழும் சிக்கலையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். ரேடியேட்டர் உட்கார்ந்துவிட்டது. வாய்கள்தான் சேரவில்லை.

முன்னோர் இத்துறையில் சளைத்தவர்கள் அல்லர். 1900-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த மெர்சிடீஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் செய்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள். அத்தனையையும் அவர் ஒழுகாமல் இணைத்தார். நமக்கு இருப்பதோ மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஓவர்ஃப்ளோ நிப்பிள், வடிகுழாய்த் திருகு, ஃபேன் சுவிட்ச் ஓட்டை, அவ்வளவே. இந்த ஐந்துக்காக ஒருவர் தேரடித் தெருவுக்கும் வேலூர் ரோட்டுக்கும் அலைவதைப் பார்த்தால், மேபாக் ஏன் ஊருக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்காமல் எல்லாவற்றையும் தாமே செய்துகொண்டார் என்பது விளங்கும்.

எது சரியான பிட்டிங் என்று அறிவது எப்படி? சைவ சித்தாந்திகள் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை ஏற்பார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அவர்களைவிடக் கறாரானவர். ரேடியேட்டர் வந்த அட்டைப்பெட்டியில் ‘ஆல் மாடல்’ என்று அச்சிட்டிருப்பது உரை. அதை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கட்டை விரலை ஓட்டையில் விட்டுப் பார்த்து, “அரை இஞ்ச்தாண்ணா, போட்டா ஏறிடும்” என்று மெக்கானிக் சொல்லியனுப்பியது கருதல். அதற்கும் அவரிடம் மதிப்பில்லை. கல்லாவிலிருந்து எழாமலே அவர் கேட்பது ஒன்றுதான்:

“சாம்பிள் இருக்கா சார்?”

கழற்றிய பழைய உருப்படியைக் கையில் கொண்டு போகாதவனுக்கு அங்கே முக்தி இல்லை. நினைத்தாலே கிடைத்துவிடும் என்பதெல்லாம் கோபுரத்துக்கு உள்ளே இருப்பவரிடம்.

ஆனால் சாம்பிளும் ஏமாற்றும். இந்த ஆய்வின் மையமே அதுதான். கடையில் ‘அரை இஞ்ச்’ என்று கேட்டு வாங்கும் பிட்டிங்கின் மீது கேலிப்பரை வைத்துப் பாருங்கள். அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. காட்ட வேண்டும். கேலிப்பரோ கிட்டத்தட்ட 21 காட்டும். அரை அங்குலம் என்பது எந்தக் காலத்திலோ குழாயின் உள்துவாரத்துக்கு வைத்த பெயர். துவாரம் மாறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. இதிலும் பாடபேதம் உண்டு. இங்கிலாந்துப் பாடத்தில் 20.95, அமெரிக்கப் பாடத்தில் 21.34. இரண்டிலும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான். மெட்ரிக் பாடத்தில் 20 மி.மீ. திருகும் உண்டு, 22-ம் உண்டு.

மரையின் கோணத்திலும் பேதம். 1841-இல் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரி என்றார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 என்றார். மெட்ரிக்காரர்களும் 60-ன் பக்கம் போனார்கள். இந்த 5 டிகிரி சண்டையின் விளைவு, நூற்றைம்பது ஆண்டு கழித்து, போளூர் ரோட்டு மரத்தடியில் நிற்கும் ஒரு காரின் அடியில் சொட்டுகிறது. இங்கிலாந்துப் பிட்டிங்கை அமெரிக்க ஓட்டையில் கொடுத்தால் முதல் மூன்று சுற்று வெண்ணெயாக ஏறும். நாலாவது சுற்றில் கொஞ்சம் இறுகும். “பாத்தீங்களா, செட் ஆயிடுச்சு” என்று மெக்கானிக் சிரிப்பார். தண்ணீர் ஊற்றி எஞ்சின் சூடேறி, மூடி அழுத்தம் பிடிக்கும் வரை அந்தச் சிரிப்பு நிலைக்கும். அழுத்தம் ஒரு பவுண்டு கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 3 பாரன்ஹீட் டிகிரி ஏறும். இது மூடி செய்யும் உபகாரம். மரை சேராத இடத்தைத் தேடிப் பிடித்துத் தண்ணீரை வெளியே தள்ளுவதும் அதே அழுத்தம்தான்.

அம்பாசடரோ மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. 2014 வரை உத்தரபாராவில் பிறந்தாலும் அதன் பூர்வீகம் அங்குலம். புது ரேடியேட்டர் மில்லிமீட்டர் வம்சம். கலப்பு மணத்தில் தவறில்லை. சீர்வரிசைச் சாமான்தான் இடிக்கிறது.

ஒழுகலை அடைப்பதில் உரையாசிரியர்கள் மூன்று வகை. சணலைச் சுற்றி வெள்ளை பெயின்ட் தடவுகிறவர்கள் பழைய மரபினர். டெஃப்லான் டேப்காரர்கள் இடைக்காலத்தவர். எம்-சீலைப் பிசைந்து அப்புகிறவர்களை மரபு என்றே நான் ஒப்பமாட்டேன். அது மூலத்தையே மறைத்துவிடும் உரை. மூவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது: மரை நேரா, கூம்பா? கூம்பு மரை இறுக இறுகத் தானே அடைத்துக்கொள்ளும். நேர் மரையில் அடைப்பது வாஷர். அங்கே டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் கிரிவலப் புண்ணியம்கூடக் கிடையாது. கூம்பை நேரில் வைத்து ஸ்பேனரில் தொங்கினால் அலுமினிய வாய் விரிசல் விடும். பித்தளையாக இருந்தால் ஈயம் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம்.

பித்தளை என்றதும் ஒரு இடைச்செருகல். அலுமினிய ரேடியேட்டரில் பித்தளை நிப்பிளை முடுக்கி, கூலன்ட்டுக்குக் காசு மிச்சம் பிடித்துப் போர்த் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் அறியாமலே ஒரு பேட்டரி செய்துவிடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் இரு உலோகம் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

ஹோஸ் விஷயம் இவ்வளவு கடுமையன்று. ஒன்றேகால் அங்குல ஹோஸ் 31.75 மி.மீ.; 32 மி.மீ. வாயில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் ஏறிக்கொள்ளும். ஹோஸ் பெரிதாகி வாய் சிறிதாகும்போதுதான் நம் நாட்டு மேதைமை வெளிப்படுகிறது. பஞ்சரான சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் நறுக்கி, வாயில் மாட்டி, அதன்மேல் ஹோஸைத் தள்ளி, கிளிப்பை முடுக்குகிறார்கள். திருகினால் இறுகும் இந்தக் கிளிப்புக்கு 1921-இல் காப்புரிமை பெற்றவர் லம்லி ராபின்சன் என்ற கடற்படைக் கமாண்டர். கப்பல்காரர் கண்டுபிடித்ததைச் சைக்கிள்காரர் டியூபின்மேல் இறுக்குவது, மலைக்கோயில் ஊருக்குப் பொருத்தமான சமரசம்தான். கிளிப்பு வாயின் விளிம்பு மேட்டுக்கு உட்புறம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் செங்கம் போவதற்குள் ஹோஸ் கழன்றுகொள்ளும்.

சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், அங்கும் சாம்பிள் கேட்பார்கள். ஆகவே தேடல் கடைசியில் உள்ளூர் லேத் பட்டறையில்தான் முடிகிறது. டர்னர் ரேடியேட்டரையும் பழைய சுவிட்சையும் வாங்கி, மரை கேஜின் பற்களை ஒவ்வொன்றாக வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். இடைவெளியில் வெளிச்சம் தெரியாத பல் அகப்பட்டதும் ஒன்றும் பேசாமல் அலுமினியத் தண்டு ஒன்றை மெஷினில் மாட்டுகிறார். வெளியே மெட்ரிக், உள்ளே இங்கிலாந்து மரை, நடுவே வாஷர் உட்கார ஒரு தோள். உலகின் எந்தக் கேட்டலாக்கிலும் இல்லாத புஷ் ஒன்று சூடாக உள்ளங்கையில் விழுகிறது.

“இன்னொண்ணும் சேத்துப் போட்டுக்கலாமா சார்?” என்றார் டர்னர். “இது தொலைஞ்சா சாம்பிளுக்கு எங்க போவீங்க?”