கழிவுக்கு வந்த கிராக்கி

டென்மார்க்கில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோடு இணைந்த மையம் ஒன்று, கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் வந்த கார்பன் ஈட்டுத் திட்டங்களுக்கெல்லாம் ஜாதகம் எழுதிவந்தது. ஓர் எக்செல் கோப்பு. திட்டத்துக்கு ஒரு வரி. எப்போது பதிவு, எவ்வளவு கிரெடிட் வரும் என்றார்கள், கடைசியில் எவ்வளவு வந்தது. காற்றாலை, புனல் மின்சாரம் என்று ஆயிரக்கணக்கான வரிகள். அவற்றில் 19 மட்டும் தனி ரகம்.

குளிர்பதன வாயு செய்யும் ஆலைகள் அவை. பெரும்பாலும் சீனாவிலும் இந்தியாவிலும். கூடவே எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வரும். அதில் 1 டன், 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்பது அன்றைய கணக்கு. குறைக்கும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் ஒரு கிரெடிட்; ஆக, எரித்துவிட்டால் 11,700 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு எரிப்புச் செலவு ஒரு யூரோகூட ஆகாது. சந்தையிலோ பத்து யூரோவுக்கு மேல் போன காலம் உண்டு. மோர் விற்பதைவிட, சிந்திய மோரைத் துடைக்கக் கூலி அதிகம் என்றால் எந்தக் கைதான் நடுங்காது? கிரெடிட் கிடைக்கும் காலத்தில் சில ஆலைகளில் கழிவு பெருகியது; கிடைக்காத காலத்தில் அடக்கமாக இருந்தது. வாயுவுக்கும் காலண்டர் பார்க்கத் தெரிந்திருக்கிறது!

எக்செல் கோப்புக்கு இதெல்லாம் தெரியுமா? அங்கே இவர்கள்தான் முதல் பெஞ்சு. ஒரு கட்டத்தில், வழங்கப்பட்ட கிரெடிட்டில் ஏறத்தாழப் பாதி இந்த 19 பேருடையது.

ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் விழித்துக்கொண்டு, 'இந்தக் கிரெடிட் இனி எங்கள் சந்தையில் செல்லாது' என்றது. எப்போதிலிருந்து? 2013 மே மாதத்திலிருந்து. இடையில் இரண்டு வருஷம், ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள் கூட்டம்தான்.