மேடையில எட்டு நொடி, வேனுல 17 பேர்

உன் தங்கச்சி பட்டம் வாங்கப் போறாளாமே, பேராண்டி. நல்ல சேதி. கிண்டியில, அண்ணா பல்கலைக்கழகத்துல. அதுக்கு வேன் பேசியாச்சாம், 17 பேராம். பொம்பளையாளுக எல்லாருக்கும் ஒரே நெறத்துல சேலையாம். ட்ரோன் கேமராக்காரனுக்கு முன்பணமும் கொடுத்தாச்சாம்.

ஏம்ப்பா, அழைப்பு வந்துருச்சா? இல்லையா? தேதியாச்சும் தெரியுமா? அதுவும் இல்லையா? சரிதான். பொண்ணு பாக்கப் போறதுக்கு முந்தியே பிள்ளைக்குப் பேரு வெச்ச வம்சம்ல நம்ம வம்சம்!

மொதல்ல ஒரு கேள்வி. அவ படிச்சது பல்கலைக்கழகத்தோட சொந்தக் கல்லூரியா, இணைப்புக் கல்லூரியா? என்ன முழிக்கிற? நாலு வருசம் ஃபீஸ் கட்டுன வீட்டுல இதுக்கு ஒருத்தருக்கும் பதில் தெரியலையே. இணைப்புக் கல்லூரின்னா பட்டத்த அந்தந்தக் காலேஜுலயே விழா வெச்சுக் கொடுத்துருவாங்க. ஆளுநர் வர்ற பெரிய மேடையில ஏறிக் கையால வாங்குறது பெரும்பாலும் முனைவர் பட்டக்காரங்களும் தங்கப் பதக்கக்காரங்களுந்தான். உன் தங்கச்சி கெட்டிக்காரி, ஒத்துக்கிறேன். பதக்கம் வாங்கிருக்காளா? இல்லேல்ல. அப்ப நீ கிண்டியில வேனை நிறுத்திட்டு யாருக்குக் கை தட்டுவ?

அவ காலேஜுக்கு ஒரு போனப் போட்டுக் கேளு. காசா பணமா?

தேதிக் கதை தனி. பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் ஆளுநர். அவரு தேதி கொடுத்தாத்தான் பெரிய விழா. நம்ம சிவகாசி ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருசத்துக் காலண்டர் ஆல்பத்தப் போட்டு ஆர்டர் பிடிக்கிற ஊரு. ஊரு உலகத்துக்கெல்லாம் நாள் அடிச்சுக் குடுக்குறோம். ஆனா இந்த ஒரு நாளு மட்டும் நம்ம கையில இல்ல. அது பாட்டுக்குத் தீபாவளிக்கு முந்துன மாசத்துல வந்து விழுந்துச்சுன்னு வையி, பட்டாசாபீஸ்ல உங்கப்பனுக்கு லீவு யாரு கொடுப்பா? பங்குனிப் பொங்கல்ல வந்து விழுந்தா உங்க அப்பத்தா ஊர விட்டு நகருவாளா? இதையெல்லாம் யோசிக்காம சேலைக்கு நெறம் தேடுதீக.

விழா கிண்டியிலதான்னா, தேதி தெரிஞ்ச அன்னைக்கே வேனை விட்டுட்டுப் பொதிகை ரயில்ல டிக்கெட்டப் போடு. முந்தி 120 நாளைக்கு முன்னாலேயே போடலாம். 2024 நவம்பர்ல இருந்து 60 நாளுதான். விட்டுட்டா தட்கல்தான் கதி. ஏசின்னா முந்துன நாள் காலையில 10 மணி, படுக்கைன்னா 11 மணி. விரல் ஆடாம அமுக்கணும். ராத்திரி ஏறுனா விடியக்காலம் தாம்பரம். அங்கனயே எறங்கி மின்சார ரயிலப் பிடிச்சா கிண்டி. எழும்பூர் வரைக்கும் போயிட்டு வந்த வழியே திரும்பி வாறவன் நம்ம பயலுவளத் தவிர வேற யாரு? பஸ்ஸுல போறவனுக்கு இன்னொரு கூத்து. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கத்துல புதுப் பஸ் ஸ்டாண்டத் தொறந்துட்டாங்க. அங்க எறங்குன ஒடனே மெட்ராஸ் வந்துட்டோம்னு மொகத்தக் கழுவிப் பவுடர் பூசுனா, கிண்டி போயிச் சேர்றதுக்குள்ள அம்புட்டும் வழிஞ்சிரும். இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல கெடக்கு.

ட்ரோன் சங்கதிக்கு வாறேன். கிண்டியில ஆளுநர் மாளிகை இருக்கு. விமான நிலையம் கூப்புடு தூரம். அங்க போயி ட்ரோன் பறக்க விடுதீகளா? நீ அவளப் படம் எடுக்குறதுக்கு முந்தி போலீஸ்காரன் உன்னய எடுப்பான், மூணு பக்கமும்.

உங்க மாமன் இன்னொரு யோசனை சொன்னாராம். "சிவகாசிக்காரன் வெறுங்கையோட போறதா? ஒரு பெட்டி வெடி கொண்டு போவோம், ஹாஸ்டல் வாசல்ல பத்தாயிரம் வாலா போடுவோம்." அடேயப்பா! ரயில்ல வெடி கொண்டு போனா ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவு இருக்கு. மூணு வருசம் வரைக்கும் உள்ள, இல்லாட்டி ஆயிரம் ரூவா வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டுஞ் சேத்து. அவ பட்டம் வாங்குற அன்னைக்கு உங்க மாமன் நம்பர் வாங்கிருவாரு. கொண்டு போகணும்னா சீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கொண்டு போ. சாத்தூர்க் காராச்சேவு ரெண்டு கிலோ வாங்கு. அது வெடிக்காது. ஹாஸ்டல் பிள்ளைக கிட்டக் கொடுத்துப் பாரு, உன் தங்கச்சி பேரு எப்பிடி வெடிக்குதுன்னு.

இந்தக் கருப்பு அங்கியப் பத்தியும் சொல்லணும். ஐரோப்பாவுல பாதிரிமாருக பாடஞ்சொல்லிக் கொடுத்த காலம். கல்லுக் கட்டடம், எலும்பக் குத்துற குளிரு. நீளமா அங்கி மாட்டுனான், தலையில முக்காடு போட்டான். அவன் செஞ்சது நியாயம். வெள்ளைக்காரன் 1857ல மெட்ராஸ் பல்கலைக்கழகத்த ஆரம்பிச்சவன், அந்த அங்கியையும் நம்ம வெயிலுக்குக் கொண்டாந்து மாட்டிட்டுப் போயிட்டான். 2010 ஏப்ரல்ல போபால்ல ஒரு பட்டமளிப்பு விழா. மத்திய மந்திரி ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியக் கழத்திப் போட்டாரு, இது அந்நியன் விட்டுட்டுப் போன காட்டுமிராண்டித்தனம்னு. சித்திர வெயிலு பக்கத்துல வந்துட்டா மந்திரிக்கும் புத்தி தெளியும் போல. 2019ல பல்கலைக்கழக மானியக் குழுவும் விழாவுக்குக் கைத்தறி உடுத்துங்கன்னு எழுதுச்சு. நம்ம அருப்புக்கோட்டைத் தறிக்காரன் வீட்டுல அடுப்பு எரியும்னா நானும் கை தட்டுவேன்.

ஆனா நம்ம ஊருல என்ன நடக்கு? யூகேஜி முடிச்ச வாண்டுக்கு அங்கி, குல்லா, உருட்டுன சர்ட்டிபிகேட்டு! மூக்குச் சளியச் சிந்தத் தெரியல, பட்டதாரியாம். அந்தப் போட்டோவ ஃப்ளெக்ஸ் அடிச்சு முக்குல கட்டிருக்கான் ஒருத்தன். அடிச்சதும் நம்ம ஊரு மெஷினுதான். கேட்டா, தொழில் நடக்கணும்ல தாத்தாங்கான். அதுவுஞ்சரி.

1922ல நம்ம ஊருலருந்து ரெண்டு பேரு ரயிலேறிக் கல்கத்தா போனாங்க. அய்ய நாடாரு, சண்முக நாடாரு. தீப்பெட்டி செய்யிற வித்தையப் படிச்சுட்டுத் திரும்பி வந்து தொழிலத் தொடங்குனாங்க. மானம் பாத்த கரிசக்காட்டுல அடுப்பு எரிஞ்சது அதனாலதான். அவுகளுக்கு எவன் குல்லா மாட்டுனான்? எந்த மாமன் வேன் பிடிச்சான்? இதச் சொன்னா, உனக்குப் பொறாமை தாத்தாங்க. பொறாமை இல்லப்பா, பதினேழு பேரு போயிட்டு வர்ற காசக் கூட்டிப் பாத்தேன்.

பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேருதான் உள்ள போகலாம். உன் தங்கச்சி காலேஜுலயும் அப்பிடின்னா, மிச்சம் பதினஞ்சு பேரு காம்பவுண்டுச் சொவத்தத் தடவிப் பாத்துட்டு வரவேண்டியதுதான். உள்ள போன ரெண்டு பேரும் மணிக்கணக்கா உக்காந்திருக்கணும். பேரு வாசிப்பான், மேடையில நடப்பா, வாங்குவா, எறங்குவா. எட்டு நொடி. அசந்து கண்ண மூடுனா அதுவும் போச்சு.

அந்த ரெண்டு சீட்டுக்கு இப்பவே சண்டை நடக்காம்ல? அத்தைக்கு ஒண்ணாம், மாமனுக்கு ஒண்ணாம், செயினு போட்டவராம். தீப்பெட்டிக் கட்டை அடுக்குன காசுல பரீட்சைக்குப் பணம் கட்டுனது யாரு? விரல்ல பசை காயுறதுக்குள்ள சோறு பொங்கிப் போட்டது யாரு? உங்கம்மா பேரு அந்தப் பட்டியல்ல எத்தனாவது எடத்துல இருக்கு? பன்னெண்டாமே! உங்கம்மாவுக்கு மேடை தெரியுற மாதிரி ஒரு சீட்டு. உங்கப்பனுக்கு அவ பக்கத்துல ஒண்ணு. மாமன் வெளிய மரத்தடியில உக்காந்து செயினக் காயப் போடட்டும்.

கூட யாராச்சும் வந்துதான் ஆகணும்னா நீ ஒருத்தன் போ, பை தூக்க. வேனை ரத்து பண்ணிரு. ட்ரோன்காரன் கிட்ட முன்பணத்த வாங்கு, கொடுக்க மாட்டான், இருந்தாலும் கேட்டுப் பாரு.

டிக்கெட்டு போடும்போது எனக்கும் ஒண்ணு சேத்துப் போடு. கிழவங்களுக்குக் கொடுத்த சலுகைய 2020 மார்ச்சுல நிறுத்திட்டாங்க, அதனால முழுக் காசு ஆகும். கீழ் பெர்த்தாப் பாத்துப் போடு. என்ன சிரிக்கிற? மாமன் மரத்தடியில ஒத்தையில உக்காந்திருந்தா காராச்சேவு பொட்டலத்த யாரு பாத்துக்குவா?