சும்மா இருக்க டெண்டர் உண்டா?

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவுக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி வந்திருக்கிறது. ஃபைபரில் செய்தது. ஆள் உயரம். இரவானால் பச்சை, சிவப்பு, ஊதா என்று மாறி மாறி எரியும். முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம்.

அதை நிறுத்த இடம் வேண்டுமே? அங்கிருந்த எருக்கம் புதரை வேரோடு பிடுங்கினார்கள். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கிலையில். ஃபைபர் பூச்சி முட்டையிடாது. கரண்டு பில் மட்டும் போடும்.

2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது அரசு. மலைக்காட்டு மறவனுக்கு மகுடம். ஊருக்குள் இருக்கும் அவன் உறவுக்காரர் பிள்ளைகளுக்குப் பூச்சிமருந்து. மார்ச் 20 சிட்டுக்குருவி தினம். மருந்தடித்த அதே கையால் மரத்தில் கூட்டுப்பெட்டி மாட்டிப் படம் பிடித்துக்கொள்வார்கள். குஞ்சுக் குருவி தின்பது புழு. பெட்டி இலவசம், சாப்பாடு கிடையாது.

கேட்டால், எல்லாம் மக்களுக்காகவாம்.

எந்த மக்கள்? காலையில் நடக்க வரும் கிழவர்களுக்கு நிழல் தந்தது ஒரு நாவல் மரம். ஒருநாள் பார்த்தால் அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"ஏண்ணே வெட்டுனீங்க?"

"பழம் விழுந்து கல்லு கறையாகுது சார்."

"கல்லா?"

"புதுக் கல்லு சார்!"

ஆமாம், பேவர் பிளாக். இந்த ஊரில் ஆயுள் காப்பீடு அதற்குத்தான். மிச்சமிருக்கும் மரங்களுக்குக் கழுத்துவரை சிமெண்டு. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே தில்லிக்கு உத்தரவிட்டது. அந்தப் புத்தி இன்னும் இங்கே வந்து சேரவில்லை. நடந்து வந்திருக்கும், வழியில் பேவர் பிளாக் தடுக்கியிருக்கும். வெயிலில் கொதிக்கும் சிமெண்டு பெஞ்சில் கவுன்சிலர் பெயர் மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

செய்யத் தெரியாது என்று சொல்ல முடியாது. சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பையும் இடிபாடும் மூடிக் கிடந்த 58 ஏக்கரைத் தோண்டி, தண்ணீருக்கு வழிவிட்டு, மண்ணுக்குரிய செடிகளை வைத்து, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். ஆட்களை அளந்துதான் உள்ளே விட்டார்கள். பறவைகள் வந்தன.

எங்கள் பூங்காவுக்கு அவ்வளவுகூட வேண்டாம். ஒரு மூலையில் சருகைக் கொளுத்தாமல் விடலாம். வேலியோரம் எருக்கும் கறிவேப்பிலையும் நிற்கலாம். ஊர் தூங்கிய பிறகு விளக்கை அணைக்கலாம். பாதையில் மனிதன், மூலையில் பூச்சி. செலவு? ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அங்கேதான் சிக்கல். சும்மா இருக்க டெண்டர் விட முடியாது. விழுந்த சருகுக்கு ரிப்பன் வெட்ட முடியாது. வெட்டாத மரத்துக்குக் கமிஷன் ஏது? (நாமும் லேசுப்பட்டவர்களில்லை. ஒரு கம்பளிப்பூச்சி சட்டையில் ஏறினால் போதும், மருந்தடிக்கச் சொல்லி மனு எழுதுகிறோம்.)

போன வாரம் ஒரு நிஜ வெந்தய வரியனைப் பார்த்தேன். பூங்காவின் கழிப்பறைக்குப் பின்னால். திறப்புவிழா முடிந்த கையோடு பூட்டிய கழிப்பறை அது, ஆள் போவதில்லை. சுவரின் வெடிப்பில் எருக்கு முளைத்திருந்தது. இலையடியில் முட்டை.

நேற்று அங்கே இரண்டு பேர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.