காணாமல் போன அருவி

1991-இல் செகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த ‘சோனிக்’ விளையாட்டில் அருவியைச் செங்குத்துக் கோடுகளாகத்தான் வரைந்திருந்தார்கள். மஞ்சள் முனை வயர் வழியே பழைய டிவிக்குப் போகையில் கோடுகள் ஒன்றோடொன்று கலங்கி, பின்னாலிருப்பது தெரியும் தண்ணீராகிவிடும். மட்டமான வயரின் புண்ணியம்!

இன்றைய ரசிகர் விடுவாரா? ஆர்ஜிபி கேபிள், கன்சோலைவிட விலைகூடிய அப்ஸ்கேலர், கேப்சர் கார்டு எல்லாம் வாங்கி, 224 வரிப் படத்தை 4கே மானிட்டரில் ஏற்றுகிறார். கோடுகள் ஜன்னல் கம்பி மாதிரி பளிச்சென்று நிற்கின்றன, தண்ணீரைக் காணோம். உடனே அப்ஸ்கேலரின் மெனுவுக்குள் நுழைந்து, படத்தைப் பழைய டிவி அளவுக்குக் கெடுக்கும் ஃபில்டரைத் தேடுகிறார். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டேயிருக்கிறது. பதிவானதில் முக்கால்வாசி மெனு; மிச்சத்தில் சோனிக் முள்ளில் விழுந்து சாகிறது.