திரும்பி வராத மொய்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குச் சீமைக்காரரிடம் போய், பாட்டுக் கச்சேரி டிக்கெட் 35,000 ரூபாய் என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல் வட்டாரத்தில் ஆடி பிறந்தால் மொய் விருந்து. பந்தலுக்குள் கறிச்சோறு, பந்தல் வாசலில் மேஜை போட்டு நோட்டும் பேனாவுமாக மொய் எழுதுகிறவர்கள். வைத்த பணம் பைசா பிசகாமல் நோட்டில் ஏறும். வைத்தவர் வீட்டு விருந்து வரும்போது, பழைய நடை என்கிற வைத்த தொகையோடு புது நடை என்கிற கூடுதலும் சேர்ந்து திரும்பி வந்துவிடும். வசூல் கோடியைத் தொட்டதும், ரூபாய் எண்ணும் மெஷின் பந்தலுக்கு வந்ததும் பத்திரிகைச் செய்தி. இப்படிப் பழகிய கை, போனால் போனதுதான் என்கிற தொகைக்கு லேசில் மடியை அவிழ்க்காது.

கட்டுரையாளரின் தாய்மாமா ஒருவர் அந்த வட்டாரத்துக்காரர். தென்னை, கொஞ்சம் பூ, கஜா புயல் விட்டுவைத்த பலா. 2024 செப்டம்பரில் கோல்ட்பிளே என்ற ராக் குழுவின் மும்பைக் கச்சேரிக்கு டிக்கெட் விற்றபோது அவர் காதுக்கும் சேதி போய்விட்டது.

“எவ்வளவுடா மாப்ளே?”

“ரெண்டாயிரத்து ஐநூறுல ஆரம்பிச்சு முப்பத்தஞ்சாயிரம் வரைக்கும் மாமா. பிளாக்குல லட்சத்தைத் தாண்டிப் போகுதாம்.”

“சாப்பாடு?”

“அது தனி.”

“நோட்டுல பேரு எழுதுவாங்களா?”

“மாட்டாங்க மாமா.”

“அப்ப அவன் நம்ம வீட்டு விசேசத்துக்கும் வரமாட்டான்.”

உலகம் முழுக்கப் பொருளாதார நிபுணர்கள் கச்சேரிக் கட்டணத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, மாமா மூன்று கேள்வியில் கணக்கை முடித்துவிட்டார். சொல்லிவைத்தாற்போல் அதே குழு 2025 ஜனவரி 26 அன்று அகமதாபாத் மோடி ஸ்டேடியத்தில் பாடியதை ஹாட்ஸ்டாரில் நேரலையாகவே போட்டார்கள். லட்சம் பேர் ஸ்டேடியத்தில் நின்று பார்த்ததை மாமா கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தார். மூன்றாவது பாட்டில் தூங்கியும் போனார்.

கோல்ட்பிளேயின் பாடகர் கிறிஸ் மார்ட்டினுக்கு அப்போது 47 வயது. ராக் இசைக் கணக்கில் இது பால்குடி. டிக்கெட் விலையில் நிஜமான பெரிசுகள் வேறு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர் 1943 ஜூலையில் பிறந்தவர். நம் இளையராஜா அதே ஆண்டு ஜூன். இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் ஒருவர், பண்ணைப்புரத்தில் ஒருவர். இருவரும் எண்பதைத் தாண்டி இன்னும் மேடையேறுகிறார்கள். 2003 ஏப்ரலில் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்தார்கள். ஜாகருக்கு 59. இதை விட்டால் இனி பார்க்க முடியாது என்று ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் உண்டு. இருபத்தோரு வருஷம் கழித்து, 2024-ல், அதே ஜாகர் அமெரிக்காவில் ஊர் ஊராக ஓடி ஆடிக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான ஏ.ஏ.ஆர்.பி. என்ற அமெரிக்க அமைப்பு. பென்ஷனர் சங்கம் உபயம் செய்து ராக் கச்சேரி நடக்கிறது. நம்மூர்ப் பென்ஷனர் சங்கத்தில் இதைச் சொன்னால், முதலில் அகவிலைப்படி அரியர் வரட்டும் என்பார்கள்.

கடைசி முறை என்பதும் ராக் உலகில் ஒரு வியாபாரம். கிஸ் என்ற குழு 2000-ல் விடைபெறும் பயணம் ஒன்றை நடத்தியது. பிறகு 2019-ல் இன்னொரு விடைபெறும் பயணத்தைத் தொடங்கி, 2023 டிசம்பர் வரை விடைபெற்றுக்கொண்டே இருந்தது. எஸ்.ஜானகி 2017 அக்டோபரில் மைசூரில் ஒரே கச்சேரியில் மேடைக்கு விடை சொல்லி முடித்துவிட்டார். தொழில் தெரியாதவர்.

விலை ஏன் இப்படி ஏறியது என்பதற்கு ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் இசைத்தட்டு விற்பதற்காகக் கச்சேரி செய்தார்கள். பாட்டு இணையத்தில் சும்மா கிடைக்க ஆரம்பித்த பிறகு, காசு பார்க்கக் கச்சேரி ஒன்றுதான் மிச்சம். 1994-ல் ஈகிள்ஸ் குழு பழைய சண்டையை மறந்து ஒன்று சேர்ந்தபோது டிக்கெட் 100 டாலரைத் தாண்டியது. ரசிகர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். 2022-ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் சில டிக்கெட்டுகள் 5,000 டாலர் வரை போயின. கூட்டம் கூடக் கூட விலையும் தானே ஏறுகிற ஏற்பாடு. தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து புதுக்கோட்டைக்கு ஆம்னி பஸ் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் ஒயேசிஸ் குழுவின் அண்ணனும் தம்பியும் ராசியாகி டிக்கெட் விற்றபோது, 150 பவுண்டு என்று நினைத்து மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தவர்கள், முறை வந்ததும் 350-க்கு மேல் பார்த்தார்கள். அதுவும் நின்றுகொண்டு பார்க்க. எல்லோரும் இப்படி இல்லை. த க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் 2023-ல் 20 டாலருக்கே டிக்கெட் வைத்தார். டிக்கெட் கம்பெனி சேர்த்த சேவைக் கட்டணம் டிக்கெட் விலையையே தாண்டியதும், சண்டை போட்டு அதில் கொஞ்சத்தை ரசிகர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவைத்தார். மாமாவுக்குப் பிடித்துப்போன ஒரே வெள்ளைக்காரப் பாடகர் இவர்தான். பாட்டு ஒன்றும் கேட்டதில்லை.

புதுக்கோட்டையில் பாட்டுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிய வழக்கமே இல்லை. மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, கொன்னையூர் என்று மாரியம்மன்கள் வரிசையாகத் திருவிழாக் காண்கிற மாவட்டம். பெரிய கோயில்கள் போக ஊருக்கு ஊர் ஒரு அம்மன். அம்மனுக்கு ஒரு விழாக்குழு. விழாக்குழுவுக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலிப்பதில் பந்தல், வாணவேடிக்கை, கச்சேரி எல்லாம் அடங்கிவிடும். சீர்காழி குரலில் பிள்ளையார் பாட்டு, எல்.ஆர்.ஈஸ்வரி குரலில் அம்மன் பாட்டு, டி.எம்.எஸ். குரலில் எம்.ஜி.ஆர். பாட்டு என்று சம்பிரதாயப்படி நகர்ந்து, குழந்தைகள் சாக்கு விரிப்பில் தூங்கிய பிறகு ராஜா ஆரம்பமாவார். ஒரே கீபோர்டுக்காரர் வயலின் கூட்டத்தையும் புல்லாங்குழலையும் வலது கையால் சமாளித்துக்கொண்டே, இடது கையால் விழாக்குழுத் தலைவர் நீட்டும் துண்டுச்சீட்டை வாங்குவார். சீட்டில் பாட்டின் பெயர், மடிப்புக்குள் நூறு ரூபாய். நூறு ரூபாய் போனால் பாட்டு வரும். கூடவே கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாம் மைக்கில் வரும். 35,000 ரூபாய்க்கு வாங்க முடியாத வசதி இது.

இந்தக் குரல்கள்தான் விவகாரமே. ஊர்ப்பக்கத்து ஆர்கெஸ்ட்ராவில் பாடும் சின்ன எஸ்.பி.பி. 1981-ல் கேசட்டில் இருந்த எஸ்.பி.பி.யைப் பாடுகிறார். அசல் எஸ்.பி.பி.யோ 2019-ல் மேடையேறியபோது 2019-ன் எஸ்.பி.பி.யைத்தான் பாட முடிந்தது. அவர் கெட்டிக்காரர்; சிரிப்பும் சங்கதியும் போட்டு வயதைத் தாண்டிப் போய்விட்டார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. டி.எம்.எஸ். முதுமையில் மேடையேறியபோது, வெள்ளித்திரையில் இடி முழங்கிய குரலைத் தேடி வந்த கூட்டம் மரியாதைக்காகக் கைதட்டியது. அசல் ஆள் முன்னால் நிற்கிறார். அவரைவிட அவரைப் போலப் பாடுகிறவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், அதுவும் இலவசமாக! மூப்பேறிய ராக் குழுவுக்கு எதிராகப் போட்டி போடுவது வேறு எந்த இளைஞர் குழுவும் அல்ல, அதன் சொந்த இளமை. அந்த இளமை யூடியூபில் சும்மா கிடைக்கிறது.

கர்நாடக சங்கீதத்தில் இந்தத் தொல்லை குறைவு. செம்மங்குடி சீனிவாசய்யர் தொண்ணூறை எட்டும் வரை மேடையேறினார். அவர் குரல் வாலிபத்திலும் தேனாக இருந்ததில்லை என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் கிழக்குரலைக் கேட்டு யாரும் ஏமாறவில்லை. அங்கே வயது ஏற ஏற வித்வானுக்கு மதிப்பும் ஏறும். ராக் இசையில் இருபத்திரண்டு வயதில் எழுதிய கோபத்தை எண்பது வயதில் அதே சுருதியில் கத்த வேண்டும். முட்டி ஒத்துழைக்க வேண்டும்.

அப்பா என்று நாம் படிக்கக்கூடிய பெயருள்ள ஸ்வீடன் குழு இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடித்த வழி, விழாக்குழுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். 2022 மே மாதம் லண்டனில் அபா வாயேஜ் என்ற அவர்கள் கச்சேரி தொடங்கியது. எழுபதைத் தாண்டிய நால்வரும் மேடையில் கிடையாது. உடம்பெல்லாம் சென்சார் ஒட்டிய உடுப்பில் அவர்கள் ஆடிப் பாடியதைப் பதிவு செய்து, ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு வேலை செய்த கம்பெனி 1979-ல் இருந்த உருவத்துக்கு இழுத்துவிட்டது. திரையில் இளமையான பொம்மைகள், பக்கத்தில் நிஜமான வாத்தியக்காரர்கள். கோடிக்கணக்கில் செலவழித்து அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில், கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியும் போட்ட நம்மூர் எம்.ஜி.ஆர். எத்தனையோ வருஷமாக நின்றுகொண்டிருக்கிறார்.

அப்படியானால் இளையராஜா கச்சேரிக்கு ஏன் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்? கட்டுரையாளரின் துணிபு, கொடுக்கலாம் என்பதே. ராஜாவின் சரக்கு அவர் தொண்டையில் இல்லை. அது காகிதத்தில் இருக்கிறது. வயலின் வரிசைக்கு அவர் அன்று எழுதிய ஸ்வரங்களை இன்று வாசித்தாலும் அவற்றுக்கு வயதாகாது. கீபோர்டுக்காரரின் வலது கை சமாளித்ததை ஒரு கூட்டமே உட்கார்ந்து வாசிக்கும்போதுதான், பாட்டுக்கு நடுவில் வரும் அந்த இசைத்துண்டுக்குள் எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்பது தெரியவரும். நடுவில் யாராவது தப்பு செய்தால் நிறுத்தி, முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். ஒரு டிக்கெட்டுக்கு ஒன்றரைப் பாட்டு. 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்போலோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மோனிக் கலைஞர்கள் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தபோது அவருக்கு வயது 81. பழைய பாட்டையே பாடிப் பிழைக்கும் வயதில் ஒருவர் புதுசு எழுதிக்கொண்டு வருகிறார் என்றால், அதற்குத் தனியாகவே காசு கொடுக்கலாம்.

அவருக்கும் கணக்கு உண்டு. 2017-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பி.க்கு, என் பாட்டைக் கேட்காமல் பாடாதே என்று வக்கீல் நோட்டீஸ் போனது. பிறகு இருவரும் ராசியாகி ஒரே மேடையில் நின்றார்கள். அந்த நோட்டீஸ் ஒருவேளை கொன்னையூர்ப் பக்கம் வந்திருந்தால் தலைக்கட்டு வரி இரண்டு மடங்காகியிருக்கும்.

காசு கொடுத்தால் கச்சேரி கேட்கலாம் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நடந்தது. டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல், நெரிசலில் நசுங்கித் திரும்பினார்கள் ஏராளமானோர். டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மானே கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. நிகழ்ச்சியின் பெயரை வைத்துத் தமிழ்நாடே ஜோக் அடித்து முடித்துவிட்டதால் இங்கே வேண்டாம். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாடிய இரவில், பின்னால் நின்ற கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு காசு கொடுத்தவர்கள் பகுதிக்குள் வந்துவிட்டது. பிளாட்டினம், கோல்டு, சில்வர் எல்லாம் ஒரே மண்ணில்.

சமீபத்தில் மாமாவிடம் பேச்சு மறுபடி வந்தது. திருச்சிப் பக்கம் ராஜா வந்தால் போகலாமா என்று கட்டுரையாளர் கேட்டார்.

“எஸ்.பி.பி. பாட்டையெல்லாம் யாரு பாடுவா?”

“அவர் மகன் சரண் பாடுவாரு. மனோ வருவாரு.”

“ஆக, ஒரிஜினல் கச்சேரியிலயும் டூப்புதான்.”

“ராஜா பாடுவாரு மாமா. எப்பவும் போல மூகாம்பிகைப் பாட்டுல ஆரம்பிப்பாரு.”

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. தேங்காய் விலையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் போல.

“ஆயிரத்துக்கு மேல போகாத. ரெண்டு சீட்டு போடு, அத்தையும் வருவா. பின்னாடி ஓரமாப் பாரு. முடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு வந்தாத்தான் கடைசி பஸ்ஸு கிடைக்கும்.”

“பின்னாடி உக்காந்தா ராஜா கடுகாத் தெரிவாரு மாமா.”

“அதான் பெரிய டி.வி. வச்சிருப்பான்ல?”